ஜிம் மாஸ்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தென்காசி, குற்றாலம் மக்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்காசிப் பக்கம் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் இரண்டு வரவுகள் நிச்சயம். ஒன்று, மலையிலிருந்து இறங்கி வரும் சாரல். இன்னொன்று, குற்றாலத்தில் குளிக்க வரும் சொந்தக்காரர்கள். காலையில் ஐந்தருவி, மதியம் பேரருவி, ராத்திரி பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும். சீசன் முடிந்து விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, பழைய பேன்ட் இடுப்பில் ஏற மறுக்கும்போதுதான் அந்த யோசனை வருகிறது: 'ஜிம்முல சேர்ந்துருவோமா?'

நல்ல யோசனைதான். ஆனால், சேரும்போது நாம் விசாரிப்பது என்ன? ஜிம் வீட்டுக்குப் பக்கமா, மாத ஃபீஸ் எவ்வளவு, ஏ.சி உண்டா, புது மெஷின் இருக்கிறதா. 'நமக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார்?' என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், அவருடைய கைகளின் பருமனைப் பார்த்துவிட்டு, 'மாஸ்டர் பாடியே சொல்லுதே' என்று திருப்தியாகிவிடுகிறோம்.

மாஸ்டரின் உடம்பு, அவருடைய உழைப்புக்குச் சான்று. உங்கள் உடம்பை அவர் புரிந்துகொள்வார் என்பதற்கு அது சான்று ஆகாது. இருபத்தைந்து வயதில் கட்டுமஸ்தாக இருப்பவருக்கு, ஐம்பத்தைந்து வயது மூட்டுவலியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது தெரியுமா, தெரியாதா என்பதை அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளிலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், உங்கள் தேவை என்ன?

'ஃபிட் ஆகணும்' என்பது ஆசை. தேவையைச் சொல்ல அது போதாது. 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் எத்தனை விதமான உடம்புகள், எத்தனை விதமான தேவைகள்!

பீடி சுற்றும் அக்காக்கள்: கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் பல வீடுகளில் இது தினசரி வேலை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்து, மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறார்கள். இவர்களுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது. மேல் முதுகுக்கும் தோளுக்கும் வலுவூட்டும் பயிற்சி, இறுகிப்போன இடுப்பைத் தளர்த்தும் பயிற்சி இரண்டும் தேவை. எடுத்த எடுப்பில் வயிற்றுப் பயிற்சி என்று நூறு முறை குனிந்து நிமிரச் சொல்பவர், ஏற்கெனவே நொந்த கழுத்தை மேலும் நோகடிப்பார்.

கம்ப்யூட்டர் முன் இருப்பவர்கள்: 2011-ல் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. ஐ.டி வேலை நம் வயல்வெளிக்கே வந்தது. கூடவே, உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கையும் வந்தது. இவர்களுக்கும் கழுத்து, முதுகு, இடுப்புதான் முதல் கவலை. ஒரு மணி நேரம் ஜிம்மில் வியர்வை சிந்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அசையாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லித்தரும் பயிற்சியாளர் இவர்களுக்குத் தேவை.

போலீஸ், ராணுவ வேலைக்குத் தயாராகும் தம்பி, தங்கைகள்: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. இவர்களுக்குத் தேவை ஓட்டம் தெரிந்த கோச். நெஞ்சையும் கையையும் மட்டும் பெருக்கவைக்கும் மாஸ்டரிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு மைதானத்துக்குப் போனால், ஏறிய எடையே ஓட்டத்துக்குச் சுமையாகிவிடும்.

சுகர், பிரஷர் இருப்பவர்கள்: இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. உங்கள் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். இவர்களுக்கு உடற்பயிற்சி மருந்துக்குச் சமம். மருந்தைப் போலவே அளவும் நேரமும் தப்பக் கூடாது.

65 வயதைத் தாண்டியவர்கள்: இவர்களுக்கு சிக்ஸ் பேக் வேண்டாம். கீழே விழாமல் இருக்க வேண்டும், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகள் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிரசவம் முடிந்த பெண்கள்: சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருத்துவரின் பரிசோதனையும் அனுமதியும் வந்த பிறகுதான் பயிற்சி. வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கலாம், இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கலாம். இதைப் பற்றிக் கேட்காமலே குதிக்கவும் வெயிட் தூக்கவும் சொல்பவரிடம் போக வேண்டாம்.

இதில் உங்கள் இடம் எது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கக் கூடாது', 'சுகர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்', 'மார்ச் மாதத் தேர்வுக்குள் ஓட்டம் சரியாக வேண்டும்'. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டரைத் தேடுங்கள்.

சான்றிதழ் பார்க்கலாமா?

கண்டிப்பாகப் பாருங்கள். டாக்டரோ வக்கீலோ பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடியும். ஜிம் பயிற்சியாளருக்கு அப்படியொரு கட்டாயம் நம் நாட்டில் இல்லை. நேற்று வரை பக்கத்து மெஷினில் பயிற்சி செய்தவர், இன்று 'டிரெய்னர்' என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நிற்கலாம். அதனால், சரிபார்க்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

பாட்டியாலாவிலுள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சிச் சான்று, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பெற்ற உடற்கல்விப் பட்டம், மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வரும் ஃபிட்னஸ் டிரெய்னர் சான்று ஆகியவை நம்பத்தகுந்தவை. ஏ.சி.எஸ்.எம், ஏ.சி.இ, என்.ஏ.எஸ்.எம் என்ற பெயர்களில் வரும் அமெரிக்கச் சான்றிதழ்களும் உலகம் முழுக்க மதிக்கப்படுபவை. இவற்றில் சிலவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனால், தேதியையும் பாருங்கள். 'மிஸ்டர் தென்காசி' மாதிரியான பட்டங்கள் போட்டியில் ஜெயித்ததற்கானவை. கற்பிக்கும் தகுதிக்கு அவை சான்று ஆகாது.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: 'சி.பி.ஆர் தெரியுமா?' யாராவது மயங்கி விழுந்து, நாடித்துடிப்பு நின்றால், 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி அது. டவுனிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்து ஜிம்மில் அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர்.

முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்

ஒரே ஆள் இரண்டு ஜிம்களுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 48, கடைக்காரர்.

முதல் ஜிம்மில்:

"தம்பி, எத்தனை மாசத்துல தொப்பை குறையும்?"

"மூணே மாசம் அண்ணாச்சி. நான் கேரன்ட்டி. இன்னைக்கே ஆரம்பிச்சிருவோமா?"

இரண்டாவது ஜிம்மில்:

"தம்பி, எத்தனை மாசத்துல தொப்பை குறையும்?"

"சொல்லுதேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி நாலு கேள்வி. சுகர், பிரஷர் மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா? நடக்கும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்திருக்கா? மூட்டு, முதுகு ஆபரேஷன் ஏதாவது? கடையில எத்தனை மணி நேரம் நிக்கீங்க, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கீங்க?"

இரண்டாவது ஜிம்மில் சேருங்கள். அந்தத் தம்பி கேட்டது வெறும் குசலம் விசாரிப்பு இல்லை. உடற்பயிற்சி தொடங்கும் முன் கேட்க வேண்டிய 7 அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு படிவமே உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. இதய நோய், நெஞ்சு வலி, தலைசுற்றல், எலும்பு மூட்டுப் பிரச்னை, தினசரி மாத்திரை என்று அது போகும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலே, 'டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க' என்று நல்ல பயிற்சியாளர் சொல்வார். அதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். ஒரு நாள் ஃபீஸை விட உங்கள் உயிரைப் பெரிதாக நினைக்கிறார் என்று அர்த்தம்.

மாத்திரை விஷயத்தை ஏன் மறைக்கக் கூடாது? இன்சுலினும் சில வகை சுகர் மாத்திரைகளும் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உடனே இனிப்பு தர வேண்டும். இது மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் இதயத்துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். கடிகாரத்தில் தெரியும் துடிப்பை மட்டும் பார்த்து, 'இன்னும் வேகமா ஓடுங்க' என்று விரட்டினால் ஆபத்து. மூச்சை அடக்கிக்கொண்டு வெயிட் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். பிரஷர் இருப்பவர்களுக்கு மூச்சுவிடும் முறையைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

முதல் மாதம் எப்படிப் போக வேண்டும்?

நம் ஊர் சிலம்ப ஆசான்களைப் பாருங்கள். வந்த அன்றே கம்பைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்ல மாட்டார்கள். முதலில் காலடி. கால் சரியாக நின்ற பிறகுதான் கை. ஜிம்முக்கும் அதே கணக்குதான். உட்கார்ந்து எழுவது, குனிந்து ஒரு பொருளைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது ஆகிய அசைவுகள் வெறும் உடம்பில் சரியாக வந்த பிறகுதான் வெயிட்.

முதல் நாளே ஆளைப் படுக்கவைத்துவிட்டு, 'வலிச்சாதான் மாஸ்டர், வேலை செஞ்ச மாதிரி இருக்கும்' என்பவர்கள் இருக்கிறார்கள். பழக்கமில்லாத உடம்பை அளவு மீறி வாட்டினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அது எச்சரிக்கை. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புதுப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இருக்கும் சாதாரணத் தசைவலி வேறு. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லித்தருபவரே மாஸ்டர்.

எடைக் குறைப்புக்கும் ஒரு நிதானம் இருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். 'மாசம் பத்து கிலோ' என்று போர்டு வைத்திருந்தால், வாசலிலேயே திரும்பிவிடுங்கள். அதேபோல, 'புரோட்டாவை ஜென்மத்துல தொடக் கூடாது' என்று சத்தியம் வாங்குபவரும் சரிப்பட்டு வர மாட்டார். பார்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தச் சத்தியத்தை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டால் மற்ற நாள்களில் எப்படிச் சரிக்கட்டுவது என்று சொல்லித்தருபவரிடம்தான் நீங்கள் நீடிப்பீர்கள்.

இவற்றைக் கண்டால் விலகிவிடுங்கள்

ஊசி, மாத்திரை: 'சீக்கிரம் சைஸ் வரும்' என்று ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்தால், அந்த ஜிம்மின் பக்கமே போகாதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் அவை. வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றினால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விந்தணு குறையும். ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு. வீட்டில் காலேஜ் போகும் பையன் இருந்தால், திடீரென்று உடம்பு ஊதுவதும் முகமெல்லாம் பருவாவதும் தெரிந்தால், திட்டாமல் உட்காரவைத்துப் பேசுங்கள்.

பவுடர் வியாபாரம்: வருகிற எல்லோருக்கும் ஒரே டப்பாவை நீட்டுபவருக்கு விற்பனை லாபம்தான் கண்ணில் தெரிகிறது. உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லியே 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டியில் எழுதியது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று வீட்டுச் சமையலிலேயே வழி இருக்கிறது. டாக்டரோ டயட்டீஷியனோ எழுதிக்கொடுத்து வாங்குவதாக இருந்தாலும், டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணைப் பாருங்கள்.

வைத்தியம்: 'டிஸ்க் விலகியிருக்கு, நானே சொடுக்கெடுத்துச் சரி பண்ணுதேன்' என்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். அது பிசியோதெரபிஸ்ட், மருத்துவர் வேலை.

போன்: நீங்கள் பயிற்சி செய்யும்போது அவர் கண் போனில் இருந்தால், உங்கள் முதுகு வளைந்து வெயிட் ஏறுவதை யார் பார்ப்பது?

பெண்கள் கவனத்துக்கு

பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆண் மாஸ்டர் என்றால், நிற்கும் முறையைத் திருத்துவதற்கு முன்பு 'தொட்டுச் சரி செய்யலாமாம்மா?' என்று அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலான திருத்தங்களை வாயால் சொல்லியே, தானே செய்து காட்டியே புரியவைக்கலாம். உங்களை வீடியோ எடுத்து ஜிம்மின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடக் கூடாது என்பதைச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். மனசுக்கு உறுத்தினால் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நின்றுவிடலாம்.

காசு, சீசன், ஆன்லைன்

'ஒரு வருஷத்துக்குக் கட்டினா பாதி ரேட்டு' என்பது வாயில் எச்சில் ஊறவைக்கும் வார்த்தை. முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். முடிந்தால் ஒருநாள் இலவசப் பயிற்சி கேளுங்கள். நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா, மாஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஏற்பாடு என்பதை எழுதி வாங்குங்கள். சீசன் நேரத்தில் லாட்ஜ், கடை, ஆட்டோ என்று குற்றாலத்தில் தொழில் பார்ப்பவர்களுக்கு மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. அந்த இரண்டு மூன்று மாதத்தை நிறுத்திவைத்து, பிறகு தொடர முடியுமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சாரலில் காலை நடை தடைப்பட்டால் வீட்டுக்குள்ளேயே செய்ய 20 நிமிடப் பயிற்சி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்தில் சரியான ஆள் கிடைக்காவிட்டால் ஆன்லைன் பயிற்சியும் ஒரு வழி. ஆனால், வாட்ஸ்அப்பில் அட்டவணை அனுப்பிவிட்டு மறைந்துபோகிறவர் வேண்டாம். வாரம் ஒருமுறையாவது வீடியோ காலில், முன்பக்கமும் பக்கவாட்டிலும் நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்த வேண்டும். முதுகுவலி உள்ளவர்களும் முதன்முதலாக வெயிட் தூக்குபவர்களும் நேரில் கற்றுக்கொள்வதே நல்லது.

மாஸ்டர் வைக்க வசதி இல்லையா?

கவலையே வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி, 2 நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். தினம் அரை மணி நேர வேக நடை, வாரம் 5 நாள் என்றால் 150 வந்துவிட்டது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிக்கப்பட்டது. நடக்கக் காசு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் வலுவூட்டும் பயிற்சிகள்தான். வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மாஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பயிற்சியின்போது நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். 'இன்னும் ரெண்டே ரெண்டு' என்று சொல்பவர் எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் காதில் வாங்காதீர்கள்.

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்: சேரும் முன் 6 கேள்விகள்

1. என்ன படித்திருக்கிறீர்கள்? சான்றிதழைப் பார்க்கலாமா?

2. சி.பி.ஆர், முதலுதவி தெரியுமா?

3. என்னைப் போல வயதும் பிரச்னையும் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? அவர்களில் ஒருவரிடம் நான் பேசலாமா?

4. முதல் மாதத்தில் எனக்கு என்ன சொல்லித்தருவீர்கள்?

5. முன்னேற்றத்தை எடை மட்டும் பார்த்துத்தான் சொல்வீர்களா, வேறு எதையும் கணக்கில் எடுப்பீர்களா?

6. நடுவில் நிறுத்தினால் பணத்துக்கு என்ன வழி?

இந்த ஆறுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, பதிலுக்கு உங்களைப் பற்றி ஆறு கேள்வி கேட்பவர் யாரோ, அவரிடம் தைரியமாகச் சேருங்கள்.